அடக்கக் கூடாதவை

இரண்டு நாற்பது.
கோணேசபுரி ஹொஸ்டலின் மேல்மாடி.
விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் முனகுகிறது,
அதையும் எண்ணி முடித்துவிட்டேன்.

நாளைக்கு, இல்லை, இன்றைக்கு
ஒன்பது மணிக்குச் சோதினை.
வேகங்கள் பதினான்கு.
அடக்கினால் நோயாகும் என்று
பச்சை மையில் எழுதி வைத்திருக்கிறேன்:
தும்மலை அடக்காதே, கொட்டாவியை அடக்காதே,
பசியை, தாகத்தை, இருமலை.
பத்தாவது நித்திரை.
அடக்கினால் தலைக்கனம், கண்சிவப்பு, தெளிவில்லாத பேச்சு.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன்.
நாற்பத்தொரு பேர் பார்த்துவிட்டார்கள்.
ஒருத்தருக்கும் நித்திரையில்லை.

விரல் தன்பாட்டில் மேலே தள்ளுகிறது.
ஒரு பூனை, ஒரு போர், ஒரு முகப்பூச்சு,
என்னோடு ஏ.எல். எடுத்தவளின் கனடாப் பனி,
மறுபடி பூனை.
எதையும் பார்த்த ஞாபகமில்லை,
எல்லாம் பார்த்த களைப்பு மட்டும்.

ஜன்னலால் தெரிகிற கடலில்
ஆறேழு வெளிச்சங்கள் நிற்கின்றன.
விளக்குப் பாய்ச்சி மீன் கூட்டுகிறார்கள், களவாய்த்தான்.
பகலென்று நினைத்து மீன் மேலே வரும்.
இதை ஒருநாள் உவமையாக்க நான் வாயெடுக்க,
ஹஸ்னியா போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்:
"தயவுசெஞ்சு வேணாம்.
அந்த மீன் தன்ட காசுலயா டேட்டா போட்டிச்சி?"

கிண்ணியாக்காரி. வாய் கூட.
முதல் வருஷம் என்னை டவுனுக்கு இழுத்துப்போய்
கோட்டை வாசலில் நின்ற மானுக்கு வாழைப்பழத்தோல் நீட்டி
"நீ எந்த பேட்ச்?" என்று கேட்டவள்.
இந்தத் தவணை வாய் குறைந்துவிட்டது.
சாப்பாட்டுக்கு வருவதில்லை.
விரிவுரைக்கு வந்தால் கடைசி வரிசை.
கேட்டால் தலையிடி.

போன மாதம் மண்டபத்தில் மனநலக் கருத்தரங்கு.
ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் போன் பாவிக்கிறீர்கள்,
கை உயர்த்துங்கள் என்றார் வந்தவர்.
மூன்றுக்குக் கொஞ்சம், நாலுக்குக் கொஞ்சம்.
முழுப் பொய்.
ஹஸ்னியா கை உயர்த்தவில்லை,
உயர்ந்த கைகளை வீடியோ எடுத்தாள்.

இரண்டு ஐம்பத்திரண்டு.
அவள் பெயருக்குக் கீழே "ஒன்லைன்".
எங்கள் கட்டில்களுக்கிடையில் நாலடி.
போர்வைக்குள் நீலம்,
கூடாரத்துக்குள் யாரோ விளக்கு வைத்து
எதையோ தேடுவதுபோல.

வாயால் கேட்கத்தான் நினைத்தேன்.
வாய் வரவில்லை.
"நித்திரை வரேல்லையாடி?" என்று அனுப்பினேன்.
நாலடிக்கப்பால் டிங் என்றது.
இரண்டு சரிகளும் நீலமாயின.
எழுதுகிறாள். நிறுத்துகிறாள்.
எழுதுகிறாள்.
நிறுத்துகிறாள்.

பிறகு போர்வை இருண்டது.
மூக்குறிஞ்சும் சத்தம்.
தடிமனாக்கும் என்று நினைக்க விரும்பினேன்.

பன்னிரண்டாவது கண்ணீர்.
அடக்கினால் பீனிசம், கண்ணோய், குன்மம்.
போன வருஷக் கேள்வி, பத்துப் புள்ளி.
அடக்க முடியாமல் போகிறபோது
பக்கத்துக் கட்டில்காரி என்ன செய்ய வேண்டும் என்று
குறிப்பில் ஓரிடத்திலும் இல்லை,
புரட்டிப் பார்க்கவும் வெளிச்சமில்லை.

போனைக் குப்புற வைத்தேன்.
கொஞ்ச நேரம் இருட்டுக்குள் ஒரு பச்சைச் சதுரம் நீந்தியது.
சிமெந்துத் தரையில் மணல் காலில் நறநறத்தது,
எத்தனை தரம் கூட்டினாலும் போகாத நிலாவெளி மணல்.

அவள் சுவர்ப்பக்கம் ஒதுங்கி இடம் விட்டாள்.
ஒன்றும் கதைக்கவில்லை.
சார்ஜர் வயர் இடுப்பில் குத்தியது.
இழுத்துக் கீழே போட்டேன்.
அவள் முதுகு குலுங்கிக் குலுங்கி
விசிறியின் முனகலோடு ஒத்துவராமல்
தன்பாட்டுக்கு ஓய்ந்தது.

"மணி எத்தின?" என்றாள்.

பார்ப்பதென்றால் எழும்பிப் போனை எடுக்க வேணும்.

"தெரியாது" என்றேன்.